பழைய உழுபொறியும் காவிரி நாட்டு வயலும்

தோற்றுவாய்

நிலம், நீர், வித்து, உரம் என்னும் நான்கும் ஒருங்கே வாய்த்தாலும், வேளை தவறின் உழவு பயன்படாது என்பது தஞ்சை நாட்டு உழவர் எவரும் அறிந்ததொன்று. மேட்டூர் அணையின் நீர்நிலை இடங்கொடுக்கும் ஆண்டுகளில் ஜூன் திங்கள் 12-ஆம் நாள் அதன் மதகுகளைத் திறத்தல் மரபு. அந்நீர் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்னும் வழிகளாற் பிரிந்து, சின்னாட்களிற் கடைமடையை நோக்கிச் செல்கின்றது. வாய்க்காலில் நீரைக் கண்ட அன்றே ஊரார் எல்லார்க்கும் உழவு வேண்டும். எல்லார்க்கும் ஒரே நாளில் உழுது கொடுக்க வாடகைப் பொறிகள் ஓர் ஊரிலும் இரா. பல வேலி நிலமுடையார் வயலுக்கு அவை முதலிற் செல்ல, ஐந்து மா, பத்து மா உடையார் வரப்பின்மேற் காத்து நிற்பர். குறுவை நடவு பத்து நாள் பிந்துமாயின், அறுவடை ஐப்பசி மழையில் அகப்பட்டு நெல் களத்திலேயே முளைத்தலும் கூடும். ஆதலின் உழவனுக்குத் தன் கைக்கெட்டிய தூரத்தில் ஒரு பொறி இருப்பது பெரிய துணையாகும்.

ஆயினும், எத்தனையோ வீடுகளின் மாட்டுக்கொட்டில் ஓரத்தில், முப்பது நாற்பது ஆண்டு உழைத்த டிராக்டர் ஒன்று, சக்கரங்களைச் சுற்றிப் புல் முளைக்க, கோழிகள் அடையும் இடமாய் நிற்கக் காண்கின்றோம். வீட்டார் அதனை எடைக்குப் போட்டு இரும்பு விலை பெறுவதோ, கடன் பட்டுப் புதிய பொறி வாங்குவதோ என ஐயுற்று நிற்கின்றனர். இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவதொரு வழி உண்டு. அப்பழம்பொறியையே அதன் ஆற்றலுக்கேற்ற கருவிகளுடன் பணியில் ஏவுதலே அது. பொறியின் முதுமை குற்றமன்று. அதன் ஆற்றலை அளந்தறியாது ஏவுதலே குற்றம். இக்கருத்தினை, புல்லறுத்தல், புழுதியுழவு, சேற்றுழவு என்னும் மூவகைப் பணியிலும் வைத்து ஈண்டு ஆராய்வோம்.

பொறி வந்த வரலாறு

டிராக்டர் என்னும் சொல்லுக்கு இழுப்பது என்பதே பொருள். தொடக்கக் காலத்தில் அப்பொறி எருதின் இடத்தில் நின்று கலப்பையைப் பின்னே இழுத்துச் சென்றதேயன்றி வேறு புதுமை ஒன்றும் செய்யவில்லை. கொழு வேரிலோ கல்லிலோ மாட்டிக்கொண்டவிடத்து, எருதாயின் நின்றுவிடும், பொறியோ நில்லாது. அதன் முன் சக்கரங்கள் மேலெழ, பொறி பின்புறமாகப் புரண்டு ஓட்டுபவன்மேற் கவிழும். இக்கேட்டினை நீக்க வழி கண்டவருள் தலைசிறந்தவர், அயர்லாந்தில் 1884-ஆம் ஆண்டு உழவர் குடியிற் பிறந்த ஹாரி பெர்குஸன் என்பார். கலப்பையைக் கீழே இரண்டு, மேலே ஒன்று ஆக மூன்று கோல்களாற் பொறியுடன் பிணைக்கும் முறையை வகுத்து, 1926-இல் அவர் காப்புரிமை பெற்றார்.

அம்முறையின் நுட்பம் அறியத்தக்கது. கொழு மண்ணை எதிர்த்துச் செல்லுங்கால், கலப்பை முன்னோக்கிப் புரள முயல்கின்றது. அம்முயற்சி மேற்கோலை அழுத்த, அவ்வழுத்தம் பொறியின் முன்புறத்தை நிலத்தோடு சேர்த்துப் பிடிக்கின்றது. அதுவேயன்றி, மேற்கோல் ஒரு வில்லையும் அழுத்துகின்றது. மண் இறுகிய இடத்தில் வில் மிகுதியாக அழுந்த, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கைகள் கலப்பையைச் சிறிது தூக்குகின்றன. இளகிய இடத்திற் பழையபடி இறக்கிவிடுகின்றன. கலப்பையின் எடையும் மண்ணின் இழுப்பும் பின் சக்கரங்களின்மேற் சார்வதால், எடை குறைந்த பொறியே எடை மிகுந்த பொறியின் வேலையைச் செய்யலாயிற்று. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிற் செய்யப்பெற்ற பெர்குஸன் பொறிகள் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டன. 1953-இல் பெர்குஸனின் தொழில் மாஸி ஹாரிஸ் என்னும் நிறுவனத்துடன் இணைந்தது. மாஸி பெர்குஸன் என்னும் பெயர் இவ்வாறு தோன்றியதே.

நம் நாட்டில் அரசினர் மேற்கொண்ட முதற் பெருமுயற்சியும் பழம்பொறிகளைக் கொண்டே தொடங்கிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1947-இல் நிறுவப்பெற்ற மத்திய டிராக்டர் அமைப்பு, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற பொறிகளைச் சீர்செய்து, நடு இந்தியாவில் ஆழ வேரூன்றிய புல் மண்டிக்கிடந்த நிலங்களைத் திருத்தியது. கருவிக் கல்வியில் முன்னின்ற பெருமை, 1910-இல் சாம் ஹிகின்பாட்டம் என்னும் பாதிரியார் தோற்றுவித்த அலகாபாத் வேளாண்மைக் கழகத்தைச் சாரும். அங்கு மேஸன் வாஹ் என்பார் இந்திய எருதுகளுக்கேற்ற திருந்திய கலப்பைகளைச் செய்தார். 1942-இல் வேளாண் பொறியியலுக்கெனப் பட்டப் படிப்பும் அங்குத் தொடங்கப்பெற்றது. ஏரோட்டுவோன் கைவினையும் கல்லூரியிற் கற்கத்தக்கதோர் அறிவே என்பதனை அக்கழகம் நாட்டிற்கு உணர்த்திற்று.

பின்னர், 1959-இல் ஐச்சர் நிறுவனம் பரீதாபாத்தில் டிராக்டர் செய்யத் தொடங்கிற்று. 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் மாஸி பெர்குஸன் கூட்டுறவுடன் தோன்றியது. அதனை அடுத்து, விளைச்சலைப் பெருக்கும் தீவிர வேளாண்மைத் திட்டத்திற்குத் தெரிந்தெடுக்கப்பெற்ற முதல் மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்றாயிற்று. அக்காலந்தொட்டு இந்நாட்டு வயல்களில் இறங்கிய பொறிகளுட் சில இன்றும் கொட்டிலில் நிற்கின்றன. அவற்றுள் 35 குதிரைத்திறன் உடையதும், உழவர் 'மாசி' எனச் சுருக்கி வழங்குவதுமான 1035 என்னும் வகையை எடுத்துக்காட்டாக முன்வைத்துக்கொள்வோம்.

ஆற்றலை அளத்தல்

நெடுநாள் நின்ற பொறியைக் கலப்பையிற் பூட்டுமுன், மருத்துவன் நாடி பார்த்தல் போல அதனைச் சோதித்தறிதல் வேண்டும். முதலாவது புகை. எஞ்சின் சூடேறிய பின்னரும் கரும்புகை வருமாயின், டீசல் முற்றும் எரியவில்லை. காற்று போதாமையோ, டீசலைத் தெளிக்கும் குழலின் பழுதோ காரணமாகும். நீலப்புகை வருமாயின், எஞ்சின் எண்ணெயே எரிகின்றது. உள்ளே வளையங்கள் தேய்ந்துள்ளன. இரண்டாவது கியர்ப்பெட்டியின் எண்ணெய். அது மோர்போல் வெளுத்திருப்பின், முன்னொரு நாள் சேற்றுநீர் உட்புகுந்தது என அறிக. அவ்வெண்ணெயை வடித்து, நீர் புகுந்த வழியை அடைத்தாலன்றி மீண்டும் சேற்றில் இறக்கலாகாது. மூன்றாவது காற்றைத் தூய்மை செய்யும் கிண்ணம். பழைய பொறிகளில் உட்செல்லும் காற்று எண்ணெயைத் தடவிச் செல்லுமாறு அமைத்துள்ளனர். புழுதியுழவுக் காலத்தில் அக்கிண்ணத்தை நாடோறும் கழுவி எண்ணெய் மாற்றாவிடின், மண் எஞ்சினுள் அரம்போல் நின்று அராவும்.

நான்காவது பிரேக். டிராக்டரில் இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் தனித்தனி மிதிகள் உள்ளன. வயலின் மூலையிற் சுருங்கத் திரும்ப அவை உதவும். சாலையிலோ, இரண்டையும் கொக்கியாற் பிணைத்தல் வேண்டும்; பிணையாது ஒன்றை மட்டும் மிதித்தால் பொறி ஒருபுறமாக இழுத்துக் கவிழும். ஐந்தாவது கருவியைத் தூக்கும் கைகள். கருவியைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துப் பார்க்க, அது மெல்ல இறங்குமாயின் உள்ளே தேய்மானம் உண்டு. அத்தகைய பொறியாற் பணி கொள்ளலாம். ஆனால் தூக்கிய கருவியின் கீழ் ஒருபோதும் கைநுழைத்தல் ஆகாது. வலிய மரக்கட்டையை அடியில் வைத்த பின்னரே ஆணி முடுக்குதல் வேண்டும்.

இச்சோதனைகளின் பின், புதிதாயிருந்தபோது 35 குதிரைத்திறன் தந்த பொறி இன்றும் அத்தனையும் தரும் என எண்ணாது, ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 28 எனக் கணக்கிட்டு, அதற்கேற்ற கருவியைத் தேர்தல் அறிவுடைமை. அண்டை வயலிற் புதிய பொறி ஆறடி ரோட்டவேட்டரைச் சுழற்றுவது கண்டு நாமும் அதனையே பூட்டினால், எஞ்சின் கொதிக்கும், கிளட்ச் எரியும், அவ்வாண்டின் நெல் முழுதும் பட்டறைக்கே போய்ச்சேரும். நான்கடிக் கருவியைப் பூட்டி இருமுறை நடப்பின், வேலையும் முடியும், பொறியும் பிழைக்கும்.

புல்லறுக்கும் பணி

நெல் விளையும் நாட்டிற் புல்லறுக்கும் பொறிக்கு என்ன வேலை என ஐயுறுவார் உளர். கல்லணைக் கால்வாய் பாயும் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் மிகுதி. மழை பெய்தபின் மரவரிசைகளுக்கு இடையே முழங்காலளவு களை எழுகின்றது. அதனை உழுது புரட்டினால் மேலோடும் தென்னை வேர்கள் அறுபடும். அறுத்து அங்கேயே பரப்பினாலோ, வெயில் தாங்கி ஈரங்காக்கும் மூடாக்காகும். இனி, பழைய ஆற்றுப்பாசன வயல்களிலும் இப்பொறிக்கு ஒரு பணி உண்டு. சித்திரை, வைகாசியில் விதைத்த தக்கைப்பூண்டும் சணப்பும் நாற்பத்தைந்து நாளில் ஆளுயரம் வளர்கின்றன. அவற்றை நிற்கும்படியே உழுதால், நீண்ட தண்டுகள் கலப்பையிலும் ரோட்டவேட்டரின் உருளையிலும் கயிறுபோற் சுற்றிக்கொள்ளும். முதலில் அறுத்துத் துண்டாக்கிப் பின் உழுதால், தழை மண்ணில் எளிதிற் கலந்து மட்கும். பூப்பதற்கு முன் அல்லது பூக்குங்கால் அறுத்தல் நன்று. அதன்பின் தண்டு முற்றி விறகாகும்.

அறுக்கும் கருவி இருவகைப்படும். ஒன்று, முக்கோண அலகுகள் பதித்த நீண்ட கத்தி, விரல்கள் போன்ற காவல்களினிடையே முன்னும் பின்னும் ஓடிக் கத்தரிப்பது. 1830-களில் அமெரிக்காவில் ஹஸ்ஸி, மெக்கார்மிக் என்னும் இருவர் கதிரறுக்கும் பொறிகளிற் கையாண்ட முறை இது. இது குறைந்த திறனே வேண்டுவது. ஆதலின் முதிய பொறிக்கு உகந்தது. ஆயினும் கல்லும் மட்டையும் கிடக்கும் இடத்தில் அலகு முறியும். மற்றொன்று, இரும்பு மூடியின்கீழ்க் கனத்த அலகுகள் சுழன்று வெட்டுவது. ஸ்லாஷர் எனத் தோப்புக்காரர் வழங்குவது இதுவே. அகலத்தில் அடிக்கு ஐந்து குதிரைத்திறன் வேண்டும் என்பது பொதுக்கணக்கு. ஆகவே 28 குதிரைத்திறனுக்கு ஐந்தடிக் கருவியே எல்லை.

வேலையின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்தடி என்பது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்திற் சென்றால், ஒரு மணி நேரத்தில் 6,000 சதுர மீட்டர் ஆகும். திரும்புவதற்கும், வெட்டிய ஓரத்தின்மேற் சிறிது ஏறிச் செல்வதற்குமாகக் காற்பங்கு கழித்தால் எஞ்சுவது 4,500 சதுர மீட்டர். அஃதாவது ஓர் ஏக்கருக்குச் சற்று மிகுதி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர் என்னும் நம் நாட்டு அளவின்படி, வேலி நிலத்தை ஆறு மணி நேரத்தில் அறுக்கலாம். வைகறையிற் றொடங்கின் உச்சிப்பொழுதிற்குள் முடியும்.

இங்கு ஓட்டுவோர் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. புல் அடர்ந்த இடத்தில் மெல்லச் செல்ல வேண்டி எஞ்சினின் வேகத்தைக் குறைக்கின்றனர். அங்ஙனம் குறைப்பின் அலகின் வேகமும் குறைந்து, புல் அறுபடாமல் மடியும். பின்புறத் தண்டு நிமிடத்திற்கு 540 சுற்றுச் சுற்றுதற்கேற்ற வேகத்தில் எஞ்சினை வைத்துக்கொண்டு, கியரை மாற்றியே நடையைக் குறைத்தல் வேண்டும். மேற்கோலைச் சிறிது சுருக்கி, கருவியின் முன்விளிம்பு பின்விளிம்பினும் அரையங்குலம் தாழ்ந்திருக்குமாறு செய்தால், வெட்டிய புல்லை மீண்டும் வெட்டும் வீண்வேலை குறையும்.

மிகப் பழைய பொறிகளுக்கே உரிய இடர் ஒன்றும் ஈண்டுக் கூறத்தக்கது. அவற்றிற் பின்புறத் தண்டு கியர்ப்பெட்டியின் வழியாகவே சுழல்கின்றது. பொறியை நிறுத்தக் கிளட்சை மிதித்தாலும், கனத்த அலகுகள் தம் சுழற்சியின் வேகத்தால் தண்டைச் சுழற்ற, தண்டு சக்கரங்களைச் சுழற்றும். நிற்க வேண்டிய பொறி பத்தடி முன்னே ஓடும்; முன்னே வாய்க்கால் இருப்பின் அதில் வீழும். ஒருபுறம் மட்டும் பற்றிச் சுழலும் இணைப்பு ஒன்றைத் தண்டின்மேற் பொருத்தினால் இவ்விடர் நீங்கும். அதன் விலை சிறிது. அதனாற் காக்கப்படுவதோ உயிர்.

புழுதியுழவு

கோடை மழை பெய்து, மண்ணைக் கையிற் பிடித்தால் உருண்டையாகியும், விரலால் அழுத்தினால் உதிர்ந்தும் நிற்கும் பதமே புழுதியுழவிற்கு ஏற்றது. கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பகுதிகளின் களிமண், காய்ந்தால் பிளந்து கல்லாகின்றது, நனைந்தால் பிசினாகின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பதம் சின்னாட்களே நிற்கும். வாடகைப் பொறிக்குக் காத்திருப்போன் அந்நாட்களை இழக்கின்றான். சொந்தப் பொறியின் முதற்பயன் இங்கேயே விளங்கும்.

ஒன்பது கொழுக் கலப்பை இந்நாட்டிற் பெருவழக்கு. வல்லம், ஒரத்தநாடு முதலிய இடங்களின் இலகுவான மண்ணில் முதிய பொறி அதனை வருந்தாது இழுக்கும். களிமண்ணிலோ இரு கடைகளிலும் ஒவ்வொரு கொழுவைக் கழற்றி ஏழாக்குதல் நன்று. ஒரு புறத்திற் கழற்றியதை மறுபுறத்திலும் கழற்ற வேண்டும். இல்லையேல் கலப்பை ஒருபால் இழுக்க, ஓட்டுவோன் நாள் முழுதும் சுக்கானோடு மல்லாட நேரும். பின் சக்கரம் வழுக்கிச் சுழல்வது கண்ணுக்குப் புலப்படுமாயின், கொழு மிக ஆழ்ந்துள்ளது என்று தெளிந்து, சிறிது தூக்குதல் வேண்டும். சக்கரம் வழுக்குதல் டீசலையும் டயரையும் ஒருங்கே தின்னும்.

'அகல உழுவதை ஆழ உழு' என்னும் பழமொழி இங்கு ஆராய்ச்சிக்குரியது. புன்செய்க்கு அது பொருந்தும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழப்பட்டு அடிமண் இறுகிய நிலத்தில், உளிக்கலப்பையால் அவ்விறுக்கத்தை உடைத்தால் மழைநீர் உள்ளிறங்கும். வேரும் ஆழச் செல்லும். நஞ்சையிலோ, சாணளவு ஆழத்தில் அமைந்த அவ்விறுகிய அடுக்கே வயலின் அடித்தளம். நீர் கீழே ஓடிவிடாமற் காப்பதும் அது. சேற்றில் இறங்கும் பொறியையும் எருதையும் தாங்குவதும் அது. அதனை உடைத்துவிட்டால் நட்ட வயல் நீர் நில்லாமல் வறளும்; அடுத்த உழவிற் பொறியும் புதையும். ஆகவே, அப்பழமொழியைக் கேட்டவிடத்தெல்லாம், எந்நிலத்திற்கு என வினவியே கைக்கொள்ளுதல் வேண்டும்.

சேற்றுழவு

இனி, தஞ்சை நாட்டு உழவின் உயிர்நிலையாகிய சேற்றுழவுக்கு வருவோம். உலகின் பிற நாடுகள் பலவற்றில் டிராக்டர் காய்ந்த நிலத்தில் உழுவதற்கே செய்யப்பெற்றது. முழங்காற் சேற்றில் ரப்பர்ச் சக்கரம் பற்றுக்கோடின்றிச் சுழலும். இக்குறையை நீக்குவது கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம். வளையங்களின்மேல் கோண இரும்புப் பட்டைகள் பதித்த அது, டயருக்குப் புறத்தே பொருத்தப்படுங்கால், பொறியின் எடையை அகன்ற பரப்பிற் பரப்பித் தாங்குவதோடு, தான் செல்லும் வழியெல்லாம் சேற்றைப் பிசைந்து, களையையும் தழையையும் உள்ளே மிதித்துவிடுகின்றது. சக்கரமே கலப்பையாகின்றது எனலாம்.

இப்பணியிற் பழம்பொறியின் ஒரு குறையே நிறையாக மாறக் காண்கின்றோம். நாம் எடுத்துக்கொண்ட பொறி ஏறத்தாழ 1.7 டன் எடையுள்ளது. இக்காலத்து ஐம்பது குதிரைத்திறன் பொறிகளோ இரண்டு டன்னைக் கடந்தவை. எடை கூடுந்தோறும் அடித்தளம் அமுங்கிக் குழிகள் விழும். அக்குழிகளில் நீர் மிகுதியாய்த் தேங்க, நாற்றுகள் ஒருபால் மூழ்கியும் ஒருபால் வெளிப்பட்டும் நிற்கும். எடை குறைந்த பொறி மேலோட்டமாக மிதந்து செல்வதால் அடித்தளம் காக்கப்படுகின்றது. சாலையில் தளர்ந்து செல்லும் முதியது, சேற்றில் இளையதினும் நன்கு நடத்தல் இதனால் இயல்வதே.

முறை வருமாறு: வயலில் இரண்டங்குல நீர் கட்டி, ஓரிரு நாள் ஊறவிடுக. முதற் சாலை நீளவாட்டில் ஓட்டி, தழையும் களையும் அழுகுதற்கு ஏழு முதல் பத்து நாள் விடுக. பின்னர்க் குறுக்காக ஒரு சாலும், நடவுக்கு முன் மீண்டும் ஒரு சாலும் ஓட்டுக. முடிவிற் பரம்படித்து மட்டஞ்செய்க. ஒவ்வொரு முறையும் ஒரே மூலையில் திரும்புதல் ஆகாது. அங்கே பள்ளம் விழும். பொறி புகாத மூலைகளை மண்வெட்டியாற் கொத்திவிடுதல் பண்டைய வழக்கு. அது இன்றும் தவிர்க்கத்தக்கதன்று. வயலுக்கு வயல் செல்ல வரப்பைச் சரிவாக வெட்டி வழி செய்துகொள்ளல் வேண்டும். உயர்ந்த வரப்பின்மேற் கூண்டுச் சக்கரத்துடன் ஏறுதல் பேரிடர். அச்சக்கரத்தைத் தார்ச் சாலையில் ஓட்டுதல் ஊர்ச்சொத்தை அழிப்பதாகும். வயலின் கரையிலேயே பூட்டிக் கழற்றுதல் நல்லோர் செயல்.

சேற்றுழவு முடிந்த மாலையில் மாட்டைக் குளிப்பாட்டியது போலவே பொறியையும் கழுவுதல் வேண்டும். முன் சக்கரக் குடங்களிலும் இணைப்புகளிலும் பழைய கிரீஸும் சேறும் வெளியே வருமளவும் புதிய கிரீஸ் ஏற்றுக. இப்பணிக்கு அரைமணி நேரமும் ஆகாது. இதனைச் செய்யாமையாற் கெட்ட பொறிகள், உழைத்துக் கெட்டவற்றினும் பலவாம்.

உயிர்க்காவல்

இதுகாறும் கூறியவற்றிற் பிழை நேரின் நெல் குறையும், அல்லது பணம் செலவாகும். இனிக் கூறுவனவற்றிற் பிழை நேரின் உயிர் போகும். ஆதலின் இப்பகுதியை மாணவர் இருமுறை படிப்பாராக.

பின்புறத் தண்டு நிமிடத்திற்கு 540 சுற்று, அஃதாவது நொடிக்கு ஒன்பது சுற்றுச் சுற்றுகின்றது. அதன் குறுக்களவு 35 மில்லிமீட்டர். சுற்றளவு 11 சென்டிமீட்டர். ஆகவே அதிற் சிக்கிய துணியை அது நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் சுருட்டும். சுருட்டச் சுருட்டத் தடித்து இன்னும் விரைவாகச் சுருட்டும். எட்டு முழ வேட்டி முழுதும் உட்செல்ல மூன்று நான்கு நொடிக்கு மேல் ஆகாது. வேட்டியோடு உடுத்தவனும் செல்வான். துண்டைக் கழற்றி வைத்து, வேட்டியை இறுக்கிக் கட்டியோ, காற்சட்டை அணிந்தோ வேலை செய்தல் வேண்டும். தண்டின்மேல் மூடி இல்லாத பழம்பொறியை மூடி போடுமுன் ஓட்டலாகாது. ஓடும் தண்டைத் தாண்டிச் செல்லலும் ஆகாது.

ஸ்லாஷரின் அலகிற்பட்ட கல் கவண்கல் போற் பாயும். அதன் பின்புறத்தில் இரும்புச் சங்கிலித் திரை தொங்கவிடுதலும், நூறடிக்குள் எவரும், சிறப்பாகச் சிறுவர், நில்லாமற் காத்தலும் கடமை. சேற்றிற் பொறி புதைந்தவிடத்து, சக்கரத்திற் கட்டையைக் கட்டி முன்னோக்கி முறுக்குதல் நம்மவரிடை உள்ள கொடிய வழக்கம். சக்கரம் சுழல வழியில்லாதபோது எஞ்சினின் ஆற்றல் பொறியையே தூக்கிப் பின்புறமாகப் புரட்டும். கண்மூடித் திறப்பதற்குள் அது நிகழும். கருவியைத் தூக்கி, பின்னோக்கி மெல்ல எடுத்தலும், இயலாவிடின் வேறொரு பொறியால் தாழ்ந்த கொக்கியிற் கட்டி இழுத்தலுமே தக்க வழி. இழுக்கும் கயிற்றைப் பின் அச்சினும் உயர்ந்த இடத்தில் ஒருபோதும் கட்டற்க.

பழம்பொறிகளில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் இல்லை. சுவீடன் நாட்டில் 1959 முதல் புதிய டிராக்டர்களுக்கு அச்சட்டம் கட்டாயமாக்கப்பெற்றது. அதன்பின் அந்நாட்டிற் பொறி கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. வாய்க்காற் கரைகளும் தாழ்ந்த வயல்களும் நிறைந்த நம் நாட்டிற்கு அது எவ்வளவு இன்றியமையாதது என்பது கூறாமலே விளங்கும். தகுதி வாய்ந்த பட்டறையில் உரிய அளவின்படி அதனைப் பொருத்தி, இருக்கையோடு வாரும் பூட்டிக்கொள்ளுதல் நன்று. சக்கரக் காப்பின்மேற் பிள்ளைகளை உட்காரவைத்துச் செல்லுதல் அன்பன்று, அறியாமையே.

முடிபு

இக்கூறியவற்றால், பழைய பொறியைப் பணிகொள்ளுதல் வறுமையாற் செய்யும் ஒட்டுவேலையன்று, அறிவாற் செய்யும் தொழில் என்பது பெறப்படும். அளவான கருவி, பதமான மண், ஒழுங்கான காவல் என்னும் மூன்றும் அமையின், இரும்பு விலைக்குப் போகவிருந்த பொறி ஒன்று நான்கைந்து சிறு குடும்பங்களின் வயல்களை வேளை தவறாமல் நடவுக்கு ஆயத்தமாக்கும். அதனால் ஊர்க் கொல்லர்க்குக் கொழு தட்டும் வேலையும், பட்டறைத் தொழிலாளர்க்குக் கூலியும் ஊரிலேயே நிலைக்கும். கடனிற் புதிய பொறி வாங்கி, தவணைக்கு அஞ்சி இரவும் பகலும் வாடகைக்கு ஓட்டும் துன்பமும் இல்லையாகும்.

ஆயினும், எஞ்சின் உடல் வெடித்ததும், உதிரி உறுப்பு கிடையாததும், செப்பஞ்செய்யும் செலவு பயனை மிஞ்சுவதுமான பொறியை இரக்கத்தால் வைத்துக்கொண்டிருத்தல் அறிவன்று. எதனைப் போற்றுவது, எதனை விடுப்பது எனத் தெளிதற்கும் அளத்தலே துணை.

கல்லூரியில் விசை, திருப்புத்திறன், உராய்வு எனப் பலகையிற் கற்கும் நம் மாணவர் பலர், விடுமுறையில் ஊர் செல்லுங்கால் அவை கொட்டிலோரத்தில் துருப்பிடித்து நிற்பதைக் காணாது கடந்து போகின்றனர். வரும் கோடையில் அவர்கள் அங்கே சற்று நின்று, எண்ணெயின் நிறத்தைப் பார்த்து, கலப்பையின் அகலத்தை அளந்து, தந்தையோடு அமர்ந்து கணக்கிட்டுப் பார்ப்பாராக. தண்டிற்கு ஒரு மூடி போட்டு வருவாராயினும், அவர் கற்ற கல்வி அவ்வாண்டே பயன் தந்ததாகும்.